ரிங்கிட் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: 'ரிங்கிட்' என்றால் "பல் பல்லான ஓரம் உடையது" என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது. ஜாவா மொழியில் அது பொம்மலாட்டம் என்கிறார்கள். இந்தோனேசிய அகராதியோ "இரண்டரை ரூப்பியா" என்கிறது. எது சரி? மலேசியத் தமிழர்கள் ஏன் இதை 'வெள்ளி' என்கிறார்கள்?

மூன்று பொருளுமே சரி. ஆனால் மூன்றும் ஒரே காலத்தவை அல்ல, ஒரே ஊர்க்காரர்கள் சொன்னவையும் அல்ல. அதைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

மலேசியாவின் பணத்துக்கு இன்று இருக்கும் பெயர் ஒரு காலத்தில் வெறும் பட்டப்பெயர்தான். பழைய மலாயில் ரிங்கிட் என்றால் ரம்பத்தின் பல்லைப்போல வெட்டு வெட்டாக ஓரம் அமைந்தது என்று அர்த்தம். பெரிங்கிட் என்று முன்னொட்டு சேர்த்தும் சொல்வார்கள். இந்தப் பொருள் இன்று பேச்சில் இல்லை. பல் பல்லான விளிம்பைச் சொல்ல இப்போதைய மலாய்க்காரர் 'பெர்கெரிகி' என்பார். ரிங்கிட் என்று காதில் விழுந்தால் அவர் மனதில் விளிம்பு கிளிம்பு எதுவும் வராது, பணம்தான் வரும். நாம் 'ரூபாய்' என்னும்போது உருவம் பொறித்த வெள்ளி என்ற வடமொழிப் பொருளையா நினைக்கிறோம்?

அந்தப் பட்டப்பெயரைச் சுமந்தது ஸ்பெயின்காரர்களின் எட்டு ரியால் நாணயம். மெக்சிகோவிலும் இன்றைய பொலிவியாவிலும் தோண்டிய வெள்ளியில் அடித்தது. 1565 தொடங்கி 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குக் கப்பல் கப்பலாக வந்து, பட்டுக்கும் பீங்கானுக்கும் கைமாறி, அங்கிருந்து சீனாவுக்கும் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்கும் பரவியது. ஐரோப்பா வழியாக வந்த ஸ்பானிய வெள்ளியும் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தது. எடை சுமார் 27 கிராம், குறுக்களவு சுமார் 38 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயம் மூன்றரையைச் சேர்த்தால்தான் அந்த எடை வரும். கையில் வைத்தாலே கனம் தெரியும் காசு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் எங்கு பார்த்தாலும் "16, 17-ஆம் நூற்றாண்டுகளில் புழங்கிய ஸ்பானிய நாணயங்களின் பல் பல்லான விளிம்பால் இந்தப் பெயர் வந்தது" என்ற ஒரே வாக்கியம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த இரண்டு நூற்றாண்டுகளில் மெக்சிகோவிலும் பொலிவியாவின் பொட்டோசியிலும் இருந்து வந்த நாணயங்களுக்கு ஒழுங்கான விளிம்பே கிடையாது. வெள்ளிப் பட்டையை வெட்டி, எடை சரியாக வரும்வரை ஓரத்தைக் கத்தரித்து, சுத்தியலால் முத்திரை அடித்தார்கள். கோணல்மாணலாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருக்கும். எந்திரத்தில் அழுத்தி, நல்ல வட்டமாக, விளிம்பில் அலங்காரம் வைத்து மெக்சிகோ நகரில் எட்டு ரியால் அடிக்கத் தொடங்கியது 1732-இல்தான். ஆகவே அந்த வாக்கியத்தின் நூற்றாண்டுக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. என் கருத்தில், பெயர் நிலைத்தது 18-ஆம் நூற்றாண்டு நாணயத்தோடு என்று கொள்வதே பொருத்தம். அதற்கு முன்பே கத்தரித்த ஓரங்களைப் பார்த்து யாராவது ரிங்கிட் என்று சொல்லியிருந்தால், அதுவும் பொருந்தாத பெயர் இல்லை.

விளிம்பில் அலங்காரம் எதற்கு? அழகுக்காக இல்லை. வெள்ளி நாணயம் என்றால் அதன் மதிப்பே அதிலுள்ள வெள்ளிதான். கையில் வாங்கியவர் ஓரத்தில் ஒரு துளி சுரண்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முழு நாணயமாகவே அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். நூறு நாணயத்தில் சுரண்டினால் சும்மா வந்த வெள்ளி ஒரு கைப்பிடி சேரும். விளிம்பில் இலை வரிசையோ வட்டமும் சதுரமும் மாறி மாறி வரும் வரிசையோ இருந்துவிட்டால், சுரண்டிய இடம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய தமிழில் நாணயம் சோதிப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர், பிற்காலத்தில் நோட்டக்காரர். சீன வணிகர்களும் இதே வேலையைச் செய்தார்கள்: நோட்டம் பார்த்து முடித்ததும் "இது நல்ல வெள்ளி" என்பதற்கு அடையாளமாகத் தங்கள் சிறு முத்திரையை நாணயத்தின் மீதே குத்திவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு கை மாறிய நாணயத்தில் ராஜாவின் முகமே தெரியாத அளவுக்குக் குத்து விழுந்திருக்கும். இப்படிப்பட்ட சந்தையில் ஒரு நாணயத்தைக் கையில் வாங்கியதும் விரல் முதலில் போவது விளிம்புக்குத்தான். மலாய்க்காரர்கள் அந்த விளிம்பையே பெயராக்கிக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். காசு ஒன்றே. அதில் யார் கண்ணுக்கு எது பட்டதோ, அது அவர்கள் மொழியில் பெயராகிவிட்டது. ஸ்பெயின்காரர்கள் எடையைப் பார்த்து 'பேசோ' என்றார்கள், பேசோ என்றாலே எடை. சீனர்கள் வடிவத்தைப் பார்த்து 'வட்டம்' என்னும் பொருளில் யுவான் என்றார்கள், ஜப்பானின் யென்னும் கொரியாவின் வோன்னும் அதே சொல்லின் உச்சரிப்பு வேறுபாடுகள்தான். ஆங்கிலேயர்கள் அதில் எதையுமே பார்க்கவில்லை, தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பெயரை ஒட்டிவிட்டார்கள். பொஹீமியாவில் யோவாகிம்ஸ்டால் என்ற ஊரில் 1520 வாக்கில் அடித்த பெரிய வெள்ளிக்காசு 'தாலர்' ஆகி, அது டாலர் ஆனது. அரபிகள் பார்த்த விதம்தான் வேடிக்கை. 1732-க்குப் பிந்தைய நாணயத்தில் இரண்டு தூண்கள் இருக்கும், ஜிப்ரால்டர் நீரிணையைக் குறிக்கும் ஹெர்குலிஸின் தூண்கள். அரபுச் சந்தைகளில் அவற்றைப் பீரங்கி என்று எடுத்துக்கொண்டு 'பீரங்கியின் தகப்பன்' என்று பெயர் வைத்தார்கள். மலாய்க்காரர்களுக்கும் அதே கண்தான்: தூண் போட்ட நாணயத்துக்கு 'ரிங்கிட் மெரியாம்' என்று பெயர், மெரியாம் என்றால் பீரங்கி. தூரத்து ராஜாவின் குலச்சின்னம் அவர்களுக்கு எதற்கு? ஊரில் கோட்டைமேல் நிற்பது பீரங்கி, அது தெரியும். நம்மூரிலும் பன்றி உருவம் பொறித்த பொன்னை வராகன் என்றுதானே சொன்னார்கள்.

மெக்சிகோ 1821-இல் விடுதலை பெற்ற பிறகு ஸ்பெயின் ராஜா போய், பாம்பைக் கவ்விய கழுகு வந்தது. சீனர்கள் அதைக் 'கழுகு வெள்ளி' என்றார்கள். மலாயில் அதுவும் ரிங்கிட்தான். சொல் இதற்குள் ஸ்பெயினை மறந்து, டாலர் அளவுள்ள எந்த வெள்ளிக்காசுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

சரி, ஜாவாவுக்கு வருவோம். ஜாவா மொழியில் மரியாதை நடை என்று ஒன்று உண்டு. பெரியவர்களிடம் பேசும்போது சாதாரணச் சொற்களுக்குப் பதிலாக வேறு சொற்களே வரும். 'வாயாங்' என்ற பொம்மலாட்டத்துக்கு அந்த நடையில் ரிங்கிட் என்றுதான் சொல்ல வேண்டும். தோற்பாவைக்கூத்தான வாயாங் கூலித் அங்கே 'ரிங்கிட் வாச்சுச்சால்'. பழைய ஜாவா வீடுகளில் முன்மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு கூடம் இருக்கும். கூத்து நடப்பது அங்கே. அதன் பெயர் 'பிரிங்கித்தான்', ரிங்கிட் நடக்கும் இடம் என்று பொருள்.

இது நாணயத்திலிருந்து போன பெயர் இல்லை. 11-ஆம் நூற்றாண்டில், ஐர்லாங்க மன்னன் காலத்தில் ம்பூ கன்வ எழுதிய 'அர்ஜுனவிவாஹ' காவியத்தில் புகழ்பெற்ற ஓர் உவமை வருகிறது. ரிங்கிட் பார்க்கும் சிலர் மனம் நொந்து அழுகிறார்கள், அசைவதும் பேசுவதும் செதுக்கிய தோல்தான் என்று தெரிந்திருந்தும் அழுகிறார்கள் என்று கவி சொல்கிறார். மணிலாவுக்கு முதல் வெள்ளிக் கப்பல் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வரி. சொல் அப்போதே உண்டு, கூத்தோடு ஒட்டி உண்டு. தோற்பாவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விளிம்பு முழுக்க உளியால் கொத்திய பல் பல்லான வேலைப்பாடு, உள்ளேயும் துளைத் துளையாக ஓட்டை. ஆகவே "வெட்டு வெட்டாகச் செதுக்கியது" என்ற ஒரே கருத்திலிருந்து ஒரு கிளை பாவைக்கும் இன்னொரு கிளை காசுக்கும் போயிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. என் சாய்வும் அந்தப் பக்கம்தான், ஆனால் இது ஊகம்தான், அடித்துச் சொல்ல மாட்டேன். அடித்துச் சொல்லக்கூடியது கால வரிசை: பாவை முந்தியது, காசு பிந்தியது.

அந்த "இரண்டரை ரூப்பியா" கணக்கு டச்சுக்காரர்களால் வந்தது. அவர்கள் ஆண்ட தீவுகளில் பணம் கில்டர். இரண்டரை கில்டருக்கு ஒரு பெரிய வெள்ளிக்காசு உண்டு, பெயர் ரைக்ஸ்டால்டர். 25 கிராம், 38 மில்லிமீட்டர். ஸ்பானிய டாலர் பழகிய கைக்கு ஏறக்குறைய அதே காசு. உள்ளூர் மக்கள் அதையும் ரிங்கிட் என்றார்கள். ஆக, மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஊரில் ஒரு ரிங்கிட் என்றால் ஒரு டாலர், அந்தப் பக்கம் டச்சுக்காரர் ஊரில் இரண்டரை கில்டர். இந்தோனேசியா விடுதலை அடைந்து கில்டர் ரூப்பியா ஆன பிறகும் பழக்கம் போகவில்லை. 1950-களில் இரண்டரை ரூப்பியாவுக்கு என்றே நோட்டு அச்சடித்தார்கள். அப்புறம் பணவீக்கம் வந்து இரண்டரை ரூப்பியாவுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாமல் போனதும், ரிங்கிட் அங்கே அகராதிச் சொல்லாக ஒதுங்கிவிட்டது. இன்றைய ஜகார்த்தாக்காரருக்கு ரிங்கிட் என்றால் மலேசியாக்காரர் பணம்.

இந்தோனேசியாவில் ரிங்கிட் ஒதுங்கியதுபோல் அதன் கூட்டாளிச் சொற்கள் ஒதுங்கவில்லை. 'ஸெத்தாலி திகா உவாங்' என்று ஒரு சொலவடை இன்றும் புழக்கத்தில் உண்டு. ஸெத்தாலி என்றால் 25 சென், நூறு சென் ஒரு கில்டர். உவாங் என்பது அந்நாளில் டியூட் என்ற செப்புக்காசு பத்து சேர்ந்த சிறு தொகை. 120 டியூட் ஒரு கில்டர் என்ற கணக்கில் மூன்று உவாங் முப்பது டியூட், அதாவது அதே 25 சென். "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்பதற்கு இப்படி ஒரு கணக்கு. பிற்பாடு உவாங் என்ற சொல்லே 'பணம்' என்று பொதுப்பொருள் பெற்றுவிட்டது, மலேசியாவில் அது வாங்.

டியூட் கதையும் அதேதான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த செப்புச் சல்லி அது. கம்பெனி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒழிந்தது, நாணயமும் பிற்பாடு போயிற்று. சொல் மட்டும் மலாய் பேசும் எல்லா ஊரிலும் பணம் என்ற பொருளில் தினமும் வாயில் வருகிறது. நோன்புப் பெருநாளில் பிள்ளைகளுக்கு உறையில் போட்டுக் கொடுப்பது 'டூயிட் ராயா'. பினாங்கு ஹொக்கியான் சீனர்கள் பணத்தை 'லூயி' என்பார்கள், அதுவும் டியூட்டின் திரிபுதான் என்று பலர் சொல்வார்கள்.

மலேசியாவின் கிழக்குக்கரையிலுள்ள கிளந்தானுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அங்கே கிராமத்து மலாய்க்காரர் ஒரு ரிங்கிட்டை 'ரியா' என்பார். ஸ்பெயினின் ரியால்தான், கடைசி எழுத்தைத் தின்றுவிட்டார்கள். பணம் பொதுவாக 'பித்திஹ்', அதாவது பழைய ஈயக்காசான பித்திஸ். ஐம்பது சென்னுக்கு 'சாமாஸ்' என்ற சொல்லின் திரிபு, 'ஒரு மாஸ்' என்பது அதன் மூலம். வடக்கே கெடாவிலும் பினாங்கிலும் பத்து சென் 'கூப்பாங்', ஐம்பது சென் 'ஐந்து கூப்பாங்'. மாஸும் கூப்பாங்கும் பொன் நிறுத்த காலத்து எடைகள்: நான்கு கூப்பாங் ஒரு மாஸ், பதினாறு மாஸ் ஒரு தாஹில். கிழக்குக்கரைக்காரரும் வடக்குக்காரரும் கோலாலம்பூரில் ஒரே கடையில் நின்றால், ஒரே சில்லறைக்கு மூன்று பெயர் கேட்கும். கடை என்றதும் சொல்லிவிடுகிறேன்: மலாயில் கடை 'கெடாய்', முதலீடு 'மோடால்', வட்டிக்கு விடுபவர் 'செட்டி'. மூன்றும் நம்மிடமிருந்து போனவை. கடையும் முதலும் வட்டியும் கொடுத்த நாம் காசுக்கு மட்டும் அவர்கள் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டது 'வெள்ளி'. மலாயாவுக்குப் போன தமிழர் அந்தக் காசில் பார்த்தது உலோகத்தை. பத்து வெள்ளி, அம்பது காசு என்று இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காதில் விழும். இதிலும் நாம் தனி ஆள் இல்லை. தாய்லாந்தில் பணத்துக்குச் சொல்லும் 'ங்ஙென்', பர்மாவின் 'ங்வே', கம்போடியாவின் 'ப்ராக்' எல்லாமே வெள்ளி என்று பொருள்படும் சொற்கள்தான். மலேசியப் பத்திரிகைகளில் 'ரிங்கிட் மலேசியா' என்பதைச் சுருக்கி 'ரிம' என்று போடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை போகிறவர்கள் 'ரிம 50' என்ற அறிவிப்பைப் பார்த்துக் கொஞ்சம் முழிப்பார்கள். 'வெள்ளிக்கு வெள்ளி பத்து வெள்ளி' என்றால் கிழமையா, தொகையா என்று அங்குள்ளவர்கள் யாரும் குழம்புவதில்லை.

இந்தப் பட்டப்பெயர் சட்டப்படி பெயரானது மிகச் சமீபத்தில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் இந்திய ரூபாயைத் திணிக்கப் பார்த்தது. வணிகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, கணக்கு டாலரிலேயே ஓடியது. 1867-இல் அந்த மூன்று ஊரும் லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போனதும் வெள்ளி டாலர்களே செல்லுபடி என்றாயிற்று. 1903-இல் நீரிணைக் குடியேற்றங்கள் என்று அழைத்த அந்த மூன்று ஊருக்கென்று தனி டாலர், 1939-இல் மலாயா டாலர், 1953-இல் மலாயா-பிரிட்டிஷ் போர்னியோ டாலர். 1967 ஜூனில் மலேசியாவின் மத்திய வங்கியான நெகாரா தன் சொந்தப் பணத்தை வெளியிட்டது. இத்தனைக் காலமும் ஆங்கிலத்தில் டாலர், மலாயில் ரிங்கிட், தமிழில் வெள்ளி என்றே போய்க்கொண்டிருந்தது. 1975 ஆகஸ்டில்தான் ரிங்கிட், சென் என்பவையே அதிகாரப்பூர்வப் பெயர் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் டாலர் குறியைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், அது போனது 1993-இல். புரூணை டாலருக்கும் மலாயில் பெயர் ரிங்கிட்தான், நோட்டிலேயே இருக்கும்.

ஒரு ரிங்கிட்டுக்கு நாணயமும் கொஞ்ச காலம் இருந்தது. கள்ளக்காசு அதிகமாகி 2005-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்போது ஒரு ரிங்கிட் என்பது நீலநிற பிளாஸ்டிக் நோட்டு, பின்பக்கம் வாவ் பூலான் என்ற நிலாப் பட்டம். விளிம்பைத் தடவினால் வழவழவென்று இருக்கும்.

கடைசியாக, தமிழில் எதை எழுதுவது என்பதற்கு. இன்றைய மலேசியப் பணம் என்றால் ஆவணங்களில் ரிங்கிட், பேச்சில் எது வேண்டுமானாலும். சிங்கப்பூர் என்றால் வெள்ளி. பழைய காகிதம் என்றால்தான் கவனம் வேண்டும். செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் சில வீடுகளில் மலாயா காலத்துப் புரோநோட்டும் கணக்கேடும் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. அதில் "வெள்ளி 500" என்று இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். 1906-க்கு முன்பு என்றால் வெள்ளியின் உலக விலையோடு ஏறி இறங்கிய டாலர். 1870-களில் பிரிட்டிஷ் பணத்தில் நாலு ஷில்லிங் போனது, 1902 வாக்கில் இரண்டு ஷில்லிங்குக்கும் கீழே வந்துவிட்டது. 1906-இல் டாலரை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிவிட்டார்கள் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). ரூபாய் அப்போது 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஆகவே முதல் உலகப்போர் வரை ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். 1927-இல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று மாற்றியதும் ஒரு வெள்ளி கிட்டத்தட்ட ஒரு ரூபாய் ஒன்பது அணா ஆனது, 1966-இல் ரூபாயின் மதிப்பைக் குறைக்கும்வரை அந்தக் கணக்கு மாறவில்லை. நடுவில் 1942 முதல் 1945 வரை தேதியிட்ட காகிதம் என்றால் அது ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுக் காலம். அந்த நோட்டு போர் முடிந்ததும் வெறும் காகிதமாகிவிட்டது, அந்த மூன்றரை வருடத்து வெள்ளியை மேலே சொன்ன கணக்கில் சேர்க்காதீர்கள்.